தொலைபேசிக் கம்பியில் தொடங்கி காதுக்குள் போனவர்

போர் முடிந்த பின்னரான ஆண்டுகளில் வன்னியில் நான் எடுத்த நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும்போது ஒரு விடயம் திரும்பத் திரும்ப வரும். என் குரல் ஒரு கேள்வியைக் கேட்கும். சிறு இடைவெளி. பிறகு அதே கேள்வியை நான் உரத்துக் கேட்பது பதிவாகியிருக்கும். அக்கராயனில் பேசியவர்களிடம் இது அதிகம். 2008இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று போய், முகாமில் இருந்து திரும்பி வந்தவர்கள் அவர்கள். காலை இழந்தவரையும் கையை இழந்தவரையும் ஊர் பார்த்தவுடன் அறிந்துகொள்கிறது. செவிப்புலன் போனவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வயது போய்விட்டது, கவனமில்லை, சொன்னால் விளங்காது என்று கடந்துபோகிறோம்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கதையும் உண்டு. பிறந்ததில் இருந்தே காது கேளாத பிள்ளைகளின் தாய்மார். பிள்ளை வயிற்றில் இருந்தபோது பங்கருக்குள் கேட்ட ஷெல் சத்தம்தான் காரணம் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த நேரத்தில் வேறு இடத்திற்குப் போயிருக்கலாமே என்று தங்களைத் தாங்களே குற்றம் சொல்பவர்களும் உண்டு. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குக்கூட இதே காரணம் சொல்லப்படுகிறது.

ஷெல் சத்தத்தில் கெட்ட காதும் பிறவியில் கேளாத காதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்ளக் காதின் உட்புறத்தை ஒருவர் முதலில் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்தவர் ஜோர்ஜ் வொன் பேக்கேஷி. ஊடகக் கற்கை படித்த காலத்தில் தொலைபேசியின் வரலாறும் வானொலியின் வரலாறும் படித்திருக்கிறேன். இவரது பெயர் அங்கே வரவில்லை. போரில் தன் நகரத்தை இழந்து நாட்டைவிட்டுப் போன ஒருவரின் வாழ்க்கை என்பதாலும் இதை இங்கே எழுதத் தோன்றியது.

தபால் திணைக்களத்தில் ஒரு பௌதிகவியலாளர்

பேக்கேஷி 1899 ஜூன் 3ஆம் திகதி ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை இராஜதந்திரி. ஆகவே பிள்ளைப்பருவம் மியூனிக், கொன்ஸ்தாந்திநோபிள், சூரிச் என்று ஊர் மாறி மாறிக் கழிந்தது. சுவிற்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தார். 1923இல் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அந்த நேரத்து ஹங்கேரி முதலாம் உலகப் போரில் தோற்ற நாடு. நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்திருந்தது. பல்கலைக்கழகங்களில் ஆய்வுக்குப் பணமில்லை, கருவியில்லை. நல்ல கருவிகள் இருந்த இடம் தபால் திணைக்களத்தின் தொலைபேசி ஆய்வுக்கூடம். ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான தொலைபேசிக் கம்பிகள் ஹங்கேரி ஊடாகச் சென்றதால், அவற்றைச் சீராக வைத்திருக்கும் பொறுப்பு அந்த நாட்டுக்கு இருந்தது. வேலை தேடிய இளம் பௌதிகவியலாளர் அங்கே சேர்ந்தார். 1946 வரை அந்தத் தொடர்பு நீடித்தது.

அங்கே அவருக்குக் கிடைத்த கேள்வி மிகச் சாதாரணமானது. தொலைபேசியை மேம்படுத்தப் பணம் செலவழிப்பதென்றால் எந்தப் பகுதியில் செலவழிப்பது? கம்பியிலா, பேசும் பக்கத்திலா, கேட்கும் பக்கத்திலா? கேட்கும் பக்கத்தின் முடிவில் இருப்பது மனிதக் காது. அந்தக் காது தொலைபேசியைவிட எவ்வளவு திறமானது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அப்படித்தான் கம்பியைப் பார்க்கப் போனவர் காதைப் பார்க்கத் தொடங்கினார்.

காதைப் பற்றி அப்போது பல கொள்கைகள் இருந்தன. உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. நத்தைச்சுருள் என்போம். பட்டாணிக் கடலை அளவுதான், இரண்டரைச் சுற்று. அதற்குள் திரவம். நடுவே, விரித்து அளந்தால் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் நீளமான ஒரு சவ்வு. அந்தச் சவ்வின்மேல் இருக்கும் நுண்ணுறுப்பை இத்தாலியரான அல்போன்சோ கோர்ட்டி 1851இல் விபரித்திருந்தார். பியானோவின் தந்திகள்போல ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வோர் இழை அதிர்கிறது என்பது ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ட்ஸின் விளக்கம். முழுச் சவ்வும் ஒன்றாக அதிர்கிறது என்றனர் வேறு சிலர். ஆனால் அதிர்வதை எவரும் பார்த்ததில்லை. பேக்கேஷி வாதத்தில் சேரவில்லை; பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார்.

எலும்புத்தூள் படிந்த துளைகருவி

உட்காதைச் சுற்றியிருக்கும் எலும்பு மனித உடலின் மிகக் கடினமான எலும்புகளில் ஒன்று. அதற்குள் இருக்கும் சவ்வோ தொட்டால் கிழியும். இறந்தவர்களின் எலும்பை வாங்கி வந்து தபால் திணைக்களத்தின் பட்டறையிலேயே துளையிட்டார். காலையில் வேலைக்கு வந்த தொழிலாளர் துளைகருவியில் எலும்புத்தூள் படிந்திருப்பதைக் கண்டு முகம் சுளித்த கதை அவரைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் வருகிறது. தேவையான நுண்கருவிகளைத் தானே செய்தார். காற்றுப்பட்டுக் காயாமல் இருக்கத் தண்ணீருக்கு அடியில் வைத்தே வெட்டினார். கண்ணாடிபோல் தெளிவான சவ்வு நுணுக்குக்காட்டியில் தெரிய, அதன்மேல் வெள்ளித் துகள்களைத் தூவினார். பிறகு ஒலியைச் செலுத்தி, விட்டுவிட்டு மின்னும் ஒளியில் பார்த்தார். வேகமான அதிர்வு அந்த ஒளியில் மெதுவாக அசைவதுபோல் தெரியும்.

தெரிந்தது ஓர் அலை. நனைந்த சேலையின் ஒரு முனையைப் பிடித்து உதறினால் அலை மறுமுனை நோக்கி ஓடுமே, அதுபோல். நத்தைச்சுருளின் வாசலில் கிளம்பும் அலை சவ்வு வழியே ஓடி, ஓரிடத்தில் உச்சத்துக்கு எழுந்து, அதற்கப்பால் அடங்கிவிடுகிறது. கீச்சென்ற உயர் சுருதி வாசலுக்கு அருகிலேயே எழுந்து அடங்கும். தாழ்ந்த சுருதி உள்ளே வெகுதூரம் போய்ச் சுருளின் நுனியருகே எழும். காரணம் சவ்வின் அமைப்பு. வாசலருகே அது ஒடுக்கமும் விறைப்பும்; நுனிக்குப் போகப்போக அகலமும் தளர்வும். ஆக, எந்த ஒலி என்பதை அலை எழும் இடம் சொல்லிவிடுகிறது. இந்த ஆய்வுகளின் முதற்கட்டுரைகளில் ஒன்று 1928இல் வெளிவந்தது.

மனிதக் காதோடு அவர் நிற்கவில்லை. எலி, கோழி, மாடு என்று போய் யானையின் காதையும் திறந்தார். அளவு வேறு, அலை ஒன்று.

முற்றுகையும் வெளியேற்றமும்

1940 அளவில் அவர் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பரிசோதனைப் பௌதிகவியல் பேராசிரியர். 1944 டிசம்பர் கடைசியில் சோவியத் படைகள் நகரத்தைச் சுற்றி வளைத்தன. உள்ளே ஜேர்மன், ஹங்கேரியப் படைகள். 1945 பெப்ரவரி 13 வரை ஐம்பது நாள் அளவில் முற்றுகை நீடித்தது. நடுக்குளிர்காலம். மக்கள் நிலவறைகளில் கிடந்தார்கள். இறந்த குதிரைகளின் இறைச்சியை வெட்டித் தின்றார்கள். பல்லாயிரம் பொதுமக்கள் இறந்தனர். டான்யூப் ஆற்றின் பாலங்கள் எல்லாம் தகர்க்கப்பட்டன. முற்றுகை என்ற சொல்லுக்கு நமது வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

1946இல் பேக்கேஷி சுவீடன் சென்றார். ஸ்டொக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஓராண்டு. அங்கே அவர் செய்தது செவிப்புலனை அளக்கும் ஒரு கருவி. நோயாளியின் கையில் ஒரு பொத்தான். ஒலி கேட்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தினால் ஒலி மெல்லக் குறையும். கேட்காமல் போனதும் விட வேண்டும். விட்டால் ஒலி மெல்லக் கூடும். இப்படிக் கூடிக் குறைய, ஒரு பேனா தாளில் மேலும் கீழுமாகக் கோடு இழுக்கும். எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்பதை நோயாளி தன் கையாலேயே வரைந்துவிடுகிறார். காது கேளாதவரை நம்பி அவரிடமே அளவுகோலைக் கொடுத்த கருவி அது. பேக்கேஷி ஓடியோமீற்றர் என்று அது அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது.

1947இல் அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே நத்தைச்சுருளைப் பெரிதாக்கி, திரவம் நிரப்பிய குழாயும் சவ்வுமாக ஒரு மாதிரியைச் செய்தார். முன்கையை அதன்மேல் வைத்துக்கொண்டால், ஒலியின் சுருதி மாற மாற, அதிர்வு தோலில் இடம் மாறுவதை உணரலாம். தோலை நரம்புக்குப் பதிலாகப் பயன்படுத்திய பரிசோதனை. 1960இல் அவரது ஆய்வுகள் ஒரே நூலாக ஆங்கிலத்தில் வந்தன. 1961இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குத் தனியாகவே வழங்கப்பட்டது. மருத்துவர் அல்லாத, தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த ஒரு பௌதிகவியலாளருக்கு.

திருமணம் செய்யவில்லை. பழங்காலக் கலைப்பொருட்களைச் சேகரிப்பதே ஆய்வுக்கு வெளியே அவரது பெருவிருப்பம். தன் ஆய்வில் பிழை கண்டுபிடிக்கத் தன் நேரத்தைச் செலவழிக்கும் எதிராளி ஒருவர் ஆய்வாளனுக்கு அவசியம் என்பது அவரது எண்ணம். சில எதிராளிகள் காலப்போக்கில் நண்பர்களாகிவிட்டதில் அவருக்கு வருத்தம்கூட இருந்தது. 1965இல் ஹார்வார்ட் ஆய்வுக்கூடம் தீயில் அழிந்தது. அறுபத்தாறு வயதில் மறுபடி தொடங்க வேண்டிய நிலை. 1966இல் ஹவாய் பல்கலைக்கழகம் அழைத்தது, போனார். 1972 ஜூன் 13ஆம் திகதி ஹொனலுலுவில் இறந்தார். கலைச் சேகரிப்பு நோபல் அமைப்புக்குப் போனது.

உயிருள்ள காதில் இருந்த மோட்டார்

பேக்கேஷி பார்த்தவை இறந்தவர்களின் காதுகள். அசைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அவர் செலுத்திய ஒலியும் மிகப் பெரியது. அவர் கண்ட அலையின் முகடு அகன்று மழுங்கியிருந்தது. ஆனால் உயிருள்ள மனிதர் அடுத்தடுத்த இரு சுருதிகளைத் துல்லியமாகப் பிரித்து அறிகிறார். இந்த இடைவெளியை 1948இலேயே சுட்டிக்காட்டியவர் தோமஸ் கோல்ட். அவரும் வியன்னாவில் இருந்து பெயர்ந்து பிரித்தானியாவில் வாழ்ந்தவர். காது வெறுமனே ஒலியை வாங்குவதில்லை, தன் பங்குக்கு விசை கொடுத்து அதைப் பெருக்குகிறது என்றார். அப்போது யாரும் கேட்கவில்லை.

1971இல், பேக்கேஷி இறப்பதற்கு முதல் ஆண்டு, வில்லியம் றோட் என்ற அமெரிக்கர் உயிருள்ள குரங்கின் காதில் அளந்தார். மெல்லிய ஒலிக்குச் சவ்வின் அசைவு எதிர்பார்த்ததைவிட அதிகம். குரங்கு இறந்ததும் அந்தக் கூடுதல் இல்லாமல் போனது. 1978இல் டேவிட் கெம்ப் இலண்டனில் காதில் இருந்தே மெல்லிய ஒலி வெளிவருவதைப் பதிவுசெய்தார். கோல்ட் சொன்னது சரி. காதுக்குள் ஏதோ ஒன்று உழைக்கிறது.

உழைப்பவை மயிர்க்கலங்கள். சவ்வின்மேல் நான்கு வரிசையில் நிற்கின்றன. ஒரு காதில் உள்வரிசையில் ஏறத்தாழ 3,500, வெளிவரிசைகளில் ஏறத்தாழ 12,000. ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய மயிர்க்கற்றை. அலை எழும் இடத்தில் கற்றை சாய்கிறது. கலம் நரம்புக்குச் செய்தி அனுப்புகிறது. வெளிவரிசைக் கலங்கள் இன்னொன்றும் செய்கின்றன. ஒலிக்கேற்ப நீண்டு சுருங்கி, ஊஞ்சலைத் தள்ளிவிடுவதுபோல அலைக்கு வேகம் கொடுக்கின்றன. 1980களில் இது கண்டறியப்பட்டது. அதைச் செய்யும் மோட்டார் புரதத்தை 2000இல் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்து பிரெஸ்டின் என்று பெயரிட்டனர்.

மயிர்க்கற்றையைக் கட்டுவதும் மோட்டார் புரதங்களே. கற்றையின் மயிர்கள் ஏணிப்படிபோல் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று ஒழுங்காக நிற்க வேண்டும். ஒவ்வொரு மயிருக்குள்ளும் அக்தின் என்ற இழைகள். அந்த இழைகள்மேல் நடந்து, கட்டுமானப் பொருளை நுனிக்குக் கொண்டுபோகும் சுமைகாரர்கள் மயோசின் என்ற குடும்பத்துப் புரதங்கள். மயோசின் 15 தன் சுமையை நுனிக்குக் கொண்டுபோகாவிட்டால் மயிர்கள் வளராமல் குட்டையாகவே நின்றுவிடும். மயோசின் 7ஏ இல்லாவிட்டால் கற்றை ஒழுங்கு குலையும். மயோசின் 6 அடியில் பிடித்துவைக்காவிட்டால் மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். 1995இலும் 1998இலும் இவை தெரியவந்தது எலிகளில் இருந்து. பிறவியிலேயே கேளாத, தலையை ஆட்டிக்கொண்டு வட்டமடிக்கும் எலிகள். உடற்சமநிலையைக் காக்கும் உறுப்பிலும் இதே மயிர்க்கலங்கள் இருப்பதால்தான் அந்தத் தள்ளாட்டம்.

மனிதரிலும் அதே கதை. பாலித் தீவில் பெங்காலா என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பலர் காது கேளாமல் பிறக்கிறார்கள். ஊரே ஒரு சைகை மொழி பேசுகிறது. அங்கும் இந்தியாவின் இரண்டு குடும்பங்களிலும் மயோசின் 15க்கான பரம்பரையலகில் பிழை இருப்பதை 1998இல் கண்டனர். மயோசின் 7ஏயில் பிழை இருந்தால் பிறவிக் கேளாமையோடு, வளரும் வயதில் பார்வையும் மங்கும் நோய் வரலாம்.

நம் காதுகளுக்குத் திரும்பினால்

ஷெல் வெடித்த காதில் கற்றை ஒருகாலத்தில் சரியாகக் கட்டப்பட்டிருந்தது. வெடியோசை அதை முறித்தது, கலம் இறந்தது. செவிப்பறை கிழிந்தால் பல வேளை ஆறும். மயிர்க்கலம் மனிதரில் மறுபடி முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கிறது என்று 1980களின் கடைசியில் கண்டார்கள். நமக்கு ஏன் இல்லை என்று ஆய்வு தொடர்கிறது. பெரும்பாலும் முதலில் சேதமாவது பேக்கேஷியின் வரைபடத்தில் வாசலுக்கு அண்மித்த, உயர் சுருதிக்கான பகுதி. அதனால்தான் பலர் சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்கிறார்கள். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்தது, அது கேட்கும். க, ச, த, ப என்று பிரித்தறிய வேண்டிய நுண்ணொலி உயர்ந்தது, அது போய்விடும். படமா, தடமா, கடமா என்று தெரியாது. அவர்களிடம் கத்துவதில் அதிக பயனில்லை. முகத்தைப் பார்த்து, மெதுவாக, திருத்தமாகப் பேசினால் விளங்கும். இடைவிடாத இரைச்சல் காதுக்குள் கேட்கிறது என்பவர்களுக்கும் மனநோய் என்று பட்டம் கட்ட வேண்டாம். அதுவும் இதே சேதத்தின் விளைவாக இருக்கலாம்.

பிறவியில் கேளாத பிள்ளையின் கதை வேறு. கற்றை கருவிலேயே கட்டப்படுகிறது. பிறவிக் கேளாமையில் பாதி அளவுக்குப் பரம்பரையலகுகள் காரணம் என்று மருத்துவம் சொல்கிறது. தாய்க்கு வரும் ஜேர்மன் சின்னம்மை போன்ற தொற்றுகள், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் வரும் கடும் மஞ்சள் காமாலை என்று வேறு காரணங்களும் உண்டு. போர்க்காலத்தில் மருந்தும் சாப்பாடும் கிளினிக்கும் இல்லாமல் கர்ப்பிணிகள் பட்ட பாட்டுக்கு இவற்றில் பங்கு இருந்திருக்கலாம். அந்தப் பொறுப்பு தாயுடையது அல்ல. கேட்கும் தாயும் கேட்கும் தந்தையும் ஒரே பிழையை ஆளுக்கொரு பிரதியாகக் காவிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மச்சான் மச்சாள் முறையில் நெருங்கிய சொந்தத்துக்குள் கட்டும்போது இருவரிடமும் அதே பிழை இருக்கும் சாத்தியம் கூடுகிறது. ஒரு பிள்ளை கேளாமல் பிறந்த குடும்பம் அடுத்த திருமணப் பேச்சுக்கு முன் வைத்தியரிடம் இதைக் கேட்பது நல்லது.

காலம் முக்கியம். பிள்ளை மொழியைப் பிடிப்பது முதல் சில ஆண்டுகளில். கெம்ப் கண்டுபிடித்த அந்த மெல்லிய ஒலியைக் கொண்டுதான் இன்று பிறந்த குழந்தையின் காதை, அது தூங்கும்போதே சில நிமிடங்களில் சோதிக்கிறார்கள். கூப்பிட்டால் திரும்பாத, ஒரு வயதாகியும் மழலைச் சொல் வராத பிள்ளையை, போகப்போகச் சரியாகும் என்று வீட்டில் வைத்திருக்காமல் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். மயிர்க்கலம் இல்லாத காதில் நத்தைச்சுருளுக்குள் மின்முனைகளைப் பதித்து நரம்பை நேரடியாகத் தூண்டும் சத்திரசிகிச்சையும் இன்று உண்டு. வாசலருகே பதித்த முனை உயர் சுருதிக்கு, உள்ளே பதித்தது தாழ் சுருதிக்கு. தபால் திணைக்களப் பட்டறையில் பேக்கேஷி கண்ட அதே வரிசையில்தான் அந்தக் கருவி ஒலியைப் பங்கிடுகிறது. அது கிடைக்காத இடத்தில் கேட்கும் கருவியும், அதுவும் போதாதபோது சைகை மொழியும் பிள்ளைக்கு உரித்தானவை.

போரில் காயப்பட்டோரின் கணக்கெடுப்புகளில் கண், கை, கால் இருக்கும். அக்கராயன் போன்ற ஊர்களில் யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்பதையும் ஒருமுறை அளந்து எழுதிவைக்க வேண்டும். அதற்கான கருவி 1947இலேயே செய்யப்பட்டுவிட்டது.